ரயர் கடையில் ஒரு பெயர்

திருகோணமலையில் எனக்குக் கொடுத்த வேலை, ஒரு திரையில் இருக்கும் தமிழை வாசிப்பது. கவிதை எழுதுகிறவளை அரசாங்கக் காரியத்துக்குக் கூப்பிட்டால் அவள் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். எனக்கு மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தால் சுவரோடு சண்டை வந்துவிடும். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் என்ன வேலை என்றே கேட்டேன்.

வேலை இது. போர்க்காலத்தில் இங்கிருந்து படகேறி எங்கள் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தவர்களுக்கு அங்கே முகாம்களில் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெற்றோரோடு திரும்பி வந்து, வளர்ந்து, இப்போது அடையாள அட்டை எடுக்க வேண்டுமானால், பிறந்தது உண்மைதான் என்று எங்கள் கரை சொல்ல வேண்டும். இதுவரை கடிதம் போனது, கடிதம் வந்தது, வராமலும் இருந்தது. இனி இந்தக் கரையில் ஒரு கணினி கேட்கும், அந்தக் கரையில் ஒரு கணினி பதில் சொல்லும். பதில் இரண்டு வகைதான்: ‘ஆம்’, ‘பதிவு இல்லை’. இதை நிஜ மனிதர்களின் நிஜக் கோப்புகளை வைத்து, அவர்கள் சம்மதத்தோடு, ஐந்து நாள் ஓட்டிப் பார்ப்பதற்குப் பெயர் முன்னோடித் திட்டம். திரையில் வரும் சொற்கள் இரண்டு கரைக்கும் புரிகிறதா என்று பார்க்க ஒரு ஆள். அது நான்.

ஆட்களின் பெயர்களை இங்கே மாற்றியிருக்கிறேன், ஒன்றைத் தவிர. அதை மாற்றினால் சொல்ல ஒன்றுமில்லை. உரியவரிடம் கேட்டேன். “போடுங்கோ, ஆனா சரியா எழுதிப் போடுங்கோ” என்றார்.

திங்கட்கிழமை ஓர்ஸ் ஹில் அலுவலகத்துக்குப் போனபோது, வாசலில் ஒரு புள்ளிமான் எங்கள் திட்டத்தின் துணிப் பதாகையை ஓரத்திலிருந்து மென்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் மாடு சினிமா போஸ்டர் தின்னும். காவலாளி அதை விரட்டினார். மானுக்கும் அவருக்கும் தினசரிப் பழக்கம் போலிருந்தது. சன்னலுக்குக் கீழே உள்துறைமுகம். அசைவே இல்லாத நீர். மலைகள் தங்கள் நிழலை அதில் மடித்துப் போட்டிருந்தன. ஒரு கப்பல் நாள் முழுக்க அங்கேயே நின்றது, எதையோ மறந்துவிட்டு யோசிக்கிற ஆளைப் போல.

கள அலுவலர் நசீர், கிண்ணியாக்காரர், நாற்பது வயதிருக்கும். தினமும் நீளப் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிறார். வந்ததும் ஹெல்மெட்டை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் நிற்பார்.

“மிஸ், ஒரு விசயம். இங்க ஒருத்தருட பேரையும் வாயால சொல்லக்கூடாது. நம்பர் மட்டும்தான். ஆக்களுட விவரம் வெளிய போகப்படாது எண்டு விதி.”

“ஜெயில் மாதிரியா?”

“சேச்சே, பல் டொக்டர் மாதிரி. நம்பரைக் கூப்பிட்டா போய் வாயைத் திறக்கணும்.”

அன்று கேள்விகள் கடலைத் தாண்டிப் போகத் தொடங்கின. ஒவ்வொரு ‘ஆம்’ வந்தபோதும் அறையில் கைதட்டினார்கள். மதியத்துக்குள் கைதட்டல் அலுத்துவிட்டது. எல்லாம் ‘ஆம்’தான், பதினொன்றாம் கோப்பைத் தவிர. அதற்கு ‘பதிவு இல்லை’ என்று வந்தது. மறுபடி கேட்டோம். மறுபடியும் அதே.

“வெள்ளி நாலு மணி வரைக்கும் டைம் இரிக்கி,” என்றார் நசீர். “அதுக்குப் பிறகும் இல்லை எண்டா, அந்த ‘இல்லை’ கோப்பில ஏறிடும். கடிதம் வராம இருந்தா, வரும் எண்டு இருக்கலாம். இது அப்பிடி இல்ல. அரசாங்கமே இல்லை எண்டு சொன்ன மாதிரி.”

சோற்றுப் பார்சல் பிரித்தோம். தேங்காய்ச் சம்பலும் சூரை மீன் குழம்பும், ரசம் இருக்க வேண்டிய இடத்தில் சொதியும். எங்கள் ஊர்ச் சாப்பாடு நாக்கோடு பேசிவிட்டுப் போகும். இது தொண்டையில் உட்கார்ந்து பேசுகிறது. பிளேன் டீ மூன்று குடித்துத்தான் அதைச் சமாதானப்படுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை பாலையூற்றுக்குப் போனோம், பதினொன்றைப் பார்க்க. நம்பருக்கு ஒரு வீடும், வீட்டுக்கு ஒரு வளவும், வளவில் இரண்டு முருங்கையும், மாதா படம் ஒட்டிய ஒரு வெள்ளை வேனும் இருந்தன. வேன் சுவரைப் பார்த்து நின்றது. பள்ளிக்கூடத்தில் தண்டனை பெற்ற பிள்ளையைப் போல.

பதினொன்றின் பெயர் புஷ்பராணி. முப்பது தாண்டியவள். முகாமில் பிறந்து எட்டு வயதில் திரும்பியவள். பேச்சில் இன்னும் இரண்டொரு ராமநாதபுரச் சொற்கள் நீந்துகின்றன.

“இந்த வானை நான்தான் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கிறன் அக்கா. காலமை பத்து நிமிசம். இல்லாட்டி பட்டறி செத்துப்போகும்.”

இங்கே வேன் என்றால் ‘வான்’. ஒரு பெண் தினமும் காலையில் பத்து நிமிடம் வானை ஓட விட்டு, பிறகு நிறுத்திவிடுகிறாள். அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் பேனாவை மூடிவிட்டேன்.

வான் அவள் கணவனுடையது. பாலர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன், இப்போது கத்தாரில் இருக்கிறான். அவளுக்கு நன்றாக ஓட்டத் தெரியும், ஆனால் வளவுக்குள் மட்டும். தெருவில் இறங்க லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸுக்கு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புப் பத்திரம். பத்திரம் சுனாமியில் அலுமாரியோடு போய்விட்டது. அதன் நகலுக்கு இரண்டு முறை எங்கள் கரைக்குக் கடிதம் எழுதி, இரண்டு முறையும் “அப்படியொரு பதிவு காணப்படவில்லை” என்று பதில் வந்திருக்கிறது.

“தை மாசம் பள்ளிக்கூடம் தொடங்க நான் ஓட்டுவன் எண்டு தாய்மாருக்குச் சொல்லிப்போட்டன். இந்த முறையும் இல்லை எண்டு வந்தா வானை வித்துப்போடு எண்டு இவர் சொல்லுறார். சுவரைப் பாக்கிறதுக்கு எதுக்கு வான் எண்டு கேக்கிறார்.”

நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. “நீங்கள் அங்கே பிறந்தது உண்மைதானே, வரும்,” என்றேன்.

“நான் பிறந்தது எனக்குத் தெரியும் அக்கா. எனக்குத் தெரிஞ்சு என்ன?”

நசீர் வெளியே போய் முருங்கை மரத்தை ஆராய்ந்தார்.

புதன்கிழமை இறக்கக்கண்டியில் ஒரு மீனவக் குடும்பத்தின் கோப்பு. கடலோரத்தில் சிக்னல் எப்படி என்று பார்க்கவும் வேண்டும். ஆட்டோவில் கிளம்பினோம். நிலாவெளி தாண்டுமுன் பின்சக்கரம் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. ஓட்டுநர் இறங்கி, சக்கரத்தை உதைத்து, எங்களையும் இறங்கச் சொன்னார். உச்சி வெயில். பனைகளுக்கு நிழலைக் கீழே போடக்கூட இடமில்லை. ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நான் தள்ளவில்லை, தள்ளுகிறவர்களோடு நடந்தேன்.

தூரத்தில் ஒரு பலகை தெரிந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து: ‘ரயர் கடை’.

எனக்கு உயிர் வந்தது. “நசீர், ராயர் கடை! வாங்க, ஒரு காப்பி குடிக்கலாம்.”

“காப்பியா? அங்கயா?”

“எங்கள் ஊரில் ராயர் கடை என்றால் காப்பியும் இட்லியும்தான். பலகை எழுதினவர் ஒரு கால் போட மறந்துவிட்டார்.”

நசீர் நின்றார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஆட்டோவின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் பாதி வண்டியைத் தள்ளுவதற்கும் பயன்பட்டது.

“மிஸ், அது டயர் கடை! டயர்! கால் எல்லாம் சரியாத்தான் இரிக்கி. நமக்குத்தான் டயர்ல காத்து இல்ல.”

கடைக்குள் கறுப்பு வளையங்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. இட்லிதான், ஆனால் ரப்பர் இட்லி. காற்றடிக்க வந்திருந்த ஒரு லொறிக்காரர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நசீர் பதில் சொல்ல, அவரும் சிரித்தார். என்ன கேட்டார் என்றேன். “இந்த மிஸ் டயர் சாப்பிடுற ஊரோ எண்டு கேக்கிறார். இல்ல, பெரிய கவிஞர் எண்டு சொன்னன். அப்ப சரி எண்டார்.”

பங்சர் ஒட்டும்வரை ஒரு பழைய டயரில் உட்கார்ந்து பலகையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக நான் பார்த்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தேநீர்க் கடையில் ‘ரீ’ என்று எழுதியிருந்தது. பெயின்ட் உதிர்ந்துவிட்டதென்று நினைத்திருந்தேன். ஒரு வாசலில் ‘ரியூசன்’. இங்கே ஆங்கிலச் சொல்லில் வரும் ‘ட’வுக்கு ‘ர’ எழுதுகிறார்கள். எழுதுவது ரயர், சொல்வது டயர். இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் கரையில் யாருக்கும் தெரியாது.

“நசீர், பதினொன்றின் அப்பா பெயர் திரையில் எப்படி இருக்கிறது?”

“சரியாத்தான் இரிக்கி மிஸ். அவங்கட கல்யாணப் பதிவிலயும் அதான், அடையாள அட்டையிலயும் அதான்.”

“எழுதியிருப்பது எனக்குத் தெரியும். வாயால் ஒருமுறை சொல்லுங்கள்.”

“விதிப்படி ஏலாது.”

“சொல்லுங்கள்.”

அவர் லொறிக்காரரைப் பார்த்தார். டயர்களைப் பார்த்தார். குனிந்து, ரகசியம் சொல்கிறவரைப் போல என் காதருகே சொன்னார்: “அன்டனி.”

மூன்று நாளாக நான் அதை ‘அன்ரனி’ என்றே வாசித்துக்கொண்டிருந்தேன். தெலுங்குப் பக்கத்துப் பெயரைப் போல ஏதோ ஒன்று என்று விட்டிருந்தேன். யாராவது ஒருமுறை அதை உரக்கச் சொல்லியிருந்தால் போதும். விதி எங்கள் எல்லார் வாயையும் மூடி வைத்திருந்தது. கணினியும் என்னைப் போலத்தான் வாசித்திருக்கிறது. அது எழுத்தெழுத்தாக ஆங்கிலமாக்கி ஒப்பிடுகிறது. அன்ரனிக்கு எந்தப் பக்கத்திலும் ஆண்டனி கிடைக்கப்போவதில்லை. கடிதத்துக்குப் பதில் எழுதிய குமாஸ்தாவும் அப்படித்தான் பதிவேட்டைப் புரட்டியிருப்பார்.

சென்னையில் மென்பொருளைக் கவனிக்கும் கவிதாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். சொன்னதும் அவளுக்குப் புரிந்தது. “ஐயோ மேடம், ர, ட! ஆனா மேட்சிங் ரூல் ஃப்ரீஸ் ஆயிடுச்சு. இந்த வாரம் கை வைக்க முடியாது.”

“ஆண்டனி என்று மாற்றிப் போட்டுக் கேட்டால்?”

“நாமளா ஊகிச்சு பேர் மாத்தக் கூடாது. அப்படி விட்டா யார் வேணா யாரோட ரெக்கார்டையும் தோண்டலாம். ஃபார்ம்ல ‘வேறு பெயர்’னு ஒரு கட்டம் இருக்கே? அதுல அந்தப் பொண்ணோட அப்பா எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அந்தப் பேர்ல ஒரு தடவை கேக்கலாம். ஒரே தடவைதான் மேடம்.”

இவ்வளவுதானே என்று நினைத்தேன். இறக்கக்கண்டியில் சிக்னல் நன்றாக இருந்தது, பொரித்த மீனும்.

வியாழக்கிழமை அன்ரனியைத் தேடிப் போனோம். உள்துறைமுகக் கரையில் படகு எஞ்சின் திருத்தும் பட்டறை. அறுபத்தைந்து வயது. விரல் நகங்களில் எப்போதைக்குமான கறுப்பு எண்ணெய். புஷ்பராணி முன்பே சைக்கிளில் வந்து நின்றிருந்தாள். ஒரு எஞ்சினைக் கவிழ்த்துவைத்து அதன் மேல் டேப்லெட்டை வைத்தோம். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ‘தந்தையின் வேறு பெயர்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“இதென்ன, வேற பேர்?”

நான் விளக்கினேன். ஒன்றுமில்லை ஐயா, ஒரு கட்டம்தான், ஆண்டனி என்று எழுதி...

“எனக்கு வேற பேர் இல்லை.”

“அப்பா, அவையள் சொல்லுறதைக் கேளுங்கோ,” என்றாள் புஷ்பராணி.

“இல்லாத பேரை எப்பிடிப் பிள்ளை எழுதுறது?” அவர் குரல் உயரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். “தங்கச்சி, நீங்கள் அங்கால இருந்து வந்தனீங்கள், தெரிஞ்சிருக்காது. அந்த நேரம் ஆமிக்காரர் என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். கேட்டது ஒரே கேள்விதான். உன்ர மற்றப் பேர், இயக்கத்துப் பேர் என்ன? ரெண்டு நாள். எனக்கு மற்றப் பேர் இல்லை எண்டு ரெண்டு நாளும் சொன்னனான். விட்டவங்கள். மூண்டாம் நாள் மனுசியைக் கூட்டிக்கொண்டு படகேறினனான். மற்றப் பேர் இருந்தவன் ஒருத்தனும் வீட்ட வரேல்ல.” டேப்லெட்டை என் பக்கம் தள்ளினார். “அதில கையெழுத்து வைக்க ஏலாது.”

துறைமுகத்தில் ஒரு இழுவைப் படகு கரகரத்தது. புஷ்பராணி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். ஏறவில்லை, உருட்டிக்கொண்டே போனாள்.

அறைக்குத் திரும்பி அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வேறு பெயர்’. இரண்டு சொல். சென்னையில் குளிரூட்டிய அறையில் ஆங்கிலத்திலிருந்து வந்ததை யாரோ சரி என்று விட்டிருக்கிறார்கள். அப்புறம்தான் நினைவு வந்தது: அந்த யாரோ நான்தான். போன மாதம் நானே சரிபார்த்து, ‘நன்று’ என்று குறித்து அனுப்பிய பட்டியல் அது.

கவிதாவைக் கூப்பிட்டேன். “கட்டத்துக்கு மேல் இருக்கும் சொல்லையாவது மாற்றலாமா, இல்லை அதுவும் உறைந்துவிட்டதா?”

“லேபிள்தானே மேடம்? அது உங்க கைலதான் இருக்கு. அதுக்குத்தானே உங்களை அனுப்பியிருக்கோம்?”

கவிதையில்கூட நாலைந்து சொல்லுக்கு இவ்வளவு தாள் கிழித்ததில்லை. ‘பெயரின் மாற்று வடிவம்’ என்றால் மறுபடியும் மாற்று வந்துவிடுகிறது. ‘மறு எழுத்து’ என்றால் எழுத்தைத் திருத்தச் சொல்வது போலிருக்கிறது. எதிரே நசீர் பற்றீஸ் பலகாரம் தின்றுகொண்டே ஒவ்வொன்றையும் நிராகரித்தார். “இதை எங்கட வாப்பாட்ட காட்டினா வக்கீலைக் கூட்டிட்டு வருவார்.” கடைசியில் ஒன்றைப் படித்துவிட்டு அவர் வாய் நின்றது. “இது பரவால்ல. இது கேள்வி மாதிரி இரிக்கி. விசாரணை மாதிரி இல்ல.”

வெள்ளிக்கிழமை. நசீர் ஜும்ஆத் தொழுகை முடித்து வரும்வரை காத்திருந்து, இரண்டு மணிக்குப் பாலையூற்றுக்குப் போனோம். அன்ரனி வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் போகாத கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மகள் சொல்லித்தான் வந்திருக்கிறார், கையெழுத்து வைக்க வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. புஷ்பராணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

திரையைத் திருப்பினேன். அவர் கண்ணாடி போட்டு வாசித்தார்.

“இதே பெயரை... அக்கரையில்... எப்படி எழுதினார்கள்?”

இன்னொரு முறை வாசித்தார். உள்ளுக்குள் ஆண்டனி, ஆண்டனி என்று நான் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சொன்னதும் தட்டச்சு செய்ய விரல் தயாராக இருந்தது.

“எப்பிடி எழுதினவை எண்டா...” அவர் சன்னலைப் பார்த்தார். “இவள் பிறக்கேக்க பேர் பதிஞ்ச அந்த நேர்ஸ் பிள்ளை கறுப்பா, உயரமா இருந்தது. பேர் என்ன எண்டு கேட்டா. சொன்னனான். விளங்கேல்ல. திரும்பச் சொன்னனான். அப்பவும் விளங்கேல்ல. பிறகு கேட்டா, அந்தோணியார் பேரா எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“ஓம் எண்டனான். அந்தோணியார் பேர்தானே? ஓம் எண்டு சொன்னனான்.”

என் விரல் அந்தரத்தில் நின்றது. நான் சென்னைக்காரி, எனக்கு ஆண்டனி. ராமநாதபுரக் கடற்கரையில் கோயிலும் படகும் பாதி ஆண்களும் அந்தோணிதான். ஒரே தடவைதான் கேட்கலாம். அந்தத் தடவையை என் ஊகத்துக்குக் கொடுத்திருப்பேன்.

‘அந்தோணி’ என்று எழுதி அவரிடம் காட்டினேன். தலையாட்டினார். கையெழுத்துக் கட்டத்தில் விரலால், மெதுவாக, ‘அன்ரனி’ என்று எழுதினார். ‘ர’வின் கால் கொஞ்சம் நீண்டு கட்டத்துக்கு வெளியே போனது.

மூன்று மணி தாண்டியிருந்தது. அனுப்பினோம். திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றத் தொடங்கியது. டயர்தான். நசீரும் அதையே நினைத்திருக்க வேண்டும், என் பக்கம் பார்க்காமல் இருந்தார். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. சக்கரம் நின்றது. மறுபடி சுற்றியது.

‘ஆம்.’

புஷ்பராணி கதவுநிலையை விட்டு வரவில்லை. “அப்பா, என்ன வந்திருக்கு?”

அன்ரனி குனிந்து பார்த்தார். “ஆம் எண்டு போட்டிருக்கு. பாதிதான் போட்டிருக்கினம்.” சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். “மென்.”

நசீர்தான் முதலில் சிரித்தார். அடுத்த கணமே மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா என்று நான் பார்க்கவில்லை.

அதற்குமேல் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஒரு ‘ஆம்’ அடையாள அட்டை ஆகாது. அட்டை லைசன்ஸ் ஆகாது. எல்லாவற்றுக்கும் இன்னும் வரிசைகள் இருக்கின்றன. என் அறிக்கையில் ‘ர’வும் ‘ட’வும் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். குறித்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. கணினிக்கு இன்றைக்கும் அன்ரனி யாரென்று தெரியாது. அடுத்த அன்ரனி வந்தால் யாராவது அவரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்கிற சொல் மட்டும் மாறியிருக்கிறது.

சனிக்கிழமை காலை ஊருக்குக் கிளம்பினேன். என் பஸ் கண்டி வீதியில் பாலையூற்றுச் சந்தியைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் சூடு என்றார் நடத்துநர். இறங்கி நின்றவர்கள் பாண் ரொட்டி வாங்கப் போனார்கள். எனக்குக் கால் நிற்காது. நடந்து போய் அந்தத் தெரு முனையில் எட்டிப் பார்த்தேன்.

எஞ்சின் சத்தம் கேட்டது. வளவுக்குள் புஷ்பராணி வானை முன்னும் பின்னுமாக எடுத்துக்கொண்டிருந்தாள். அன்ரனி முருங்கைக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினார். “ஒடி, ஒடி, இன்னும் ஒடி பிள்ளை, காணும், போதும்.” இரண்டு முருங்கைக்கும் நடுவில் அதைத் திருப்புவதற்கு அவளுக்கு ஏழெட்டு முறை பிடித்தது. வாசல் கேற் மூடியே இருந்தது. வான் நின்றபோது அதன் முகம் தெருவைப் பார்த்து இருந்தது.

அவள் எஞ்சினை அணைத்தாள். இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். என் பஸ் ஹோர்ன் அடித்தது.